கோப்பி நல்லா வரேல்லையோ? எந்தக் குறைக்கு எதைப் பாக்கிறது

வன்னியில பரந்தன் சந்தியில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு என்ர கடை. கேத்தல், பிளெண்டர், காத்தாடி, ரைஸ் குக்கர் திருத்திறது. கோப்பிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கேல்லை, ஆனா வருசா வருசம் ஆடி ஆவணியில சுவிஸ், பிரான்ஸ் சனம் லீவுக்கு வந்திட்டுப் போனாப் பிறகு புரட்டாசி தொடக்கம் ஒவ்வொரு வீட்டில இருந்தும் மோக்கா பொட் (கீழ தண்ணி கொதிக்க ஆவி தள்ளி மேல கோப்பி ஏறிற அடுப்புப் பாத்திரம்), கண்ணாடி பிரெஸ் (தூளை ஊறவிட்டு மேல இருந்து வடியை அமத்திற கண்ணாடிச் சாமான்), கேத்தல் எண்டு காவிக்கொண்டு வருவினம், "தம்பி இது பழுதாப் போச்சு, கோப்பி வாயில வைக்கேலாம இருக்கு" எண்டு. திறந்து பாத்தா அரைவாசிக்கு மேல சாமானில ஒரு பழுதும் இராது. தண்ணி பிழை, இல்லாட்டித் தூள் பிழை. இதையே திருப்பித் திருப்பிச் சொல்லி வாய் உளைஞ்சு போய்த்தான் எழுதிறன்.

ஒண்டை மட்டும் முதலே சொல்லிப்போடுறன். ஒரு நேரத்தில ஒரு விசயத்தை மட்டும் மாத்துங்கோ. தூளையும் மாத்தி தண்ணியையும் மாத்தி அடுப்பையும் மாத்தினா எது சரிவந்தது எண்டு உங்களுக்கும் விளங்காது எனக்கும் விளங்காது.

முதல் ஒரு அளவுக்கோப்பி போட்டுப் பாருங்கோ

மிசின் ஒண்டும் வேண்டாம். ஒரு யொக்கு, ஒரு துணி வடி. 200 மில்லித் தண்ணிக்கு 12 கிராம் தூள், தராசு இல்லாட்டி மேசைக்கரண்டியால மட்டமா ரண்டு. தண்ணி கொதிச்சோடன இறக்கி ஒரு நிமிசம் விட்டு (அப்ப 95 பாகைக்குக் கிட்ட வந்திருக்கும்) தூளுக்கு மேல ஊத்தி, ஒருக்காக் கலக்கி, மூடி 4 நிமிசம் விட்டு வடியுங்கோ. சீனி போடாமல் ஒரு மிடறு குடியுங்கோ. இதை ரண்டு கப் போடவேணும், ஒண்டு உங்கட கிணத்துத் தண்ணியில, மற்றது கடைப் போத்தல் தண்ணியில.

போத்தல் தண்ணிக் கோப்பி நல்லா இருந்து கிணத்துத் தண்ணிக் கோப்பி சரியில்லாட்டி உங்கட பிரச்சினை தண்ணி. ரண்டும் ஒரே மாதிரிச் சரியில்லாட்டித் தூள். ரண்டும் நல்லா இருந்தா மட்டும் உங்கட மோக்கா பொட்டையோ பில்டரையோ சந்தேகப்படுங்கோ. என்னட்ட வாற ஆக்களில இந்த மூண்டாவது வகை குறைவு.

கோப்பி சப்பெண்டு இருக்கு, மணமும் இல்லை

அளவு காணாதோ எண்டு முதல் பாருங்கோ. எங்கட ஆக்கள் தேத்தண்ணிக்குப் போடுற மாதிரி ஒரு தேக்கரண்டியைப் போட்டிட்டு பெரிய கப் நிறைய எடுக்கினம். அதில என்ன ருசி வரும்.

அளவு சரியெண்டால் தூள் எப்ப அரைச்சது எண்டு யோசியுங்கோ. அரைச்ச தூள் ரண்டு கிழமைக்குத்தான் உண்மையான மணத்தோட இருக்கும். கொட்டையா வைச்சா ஒரு மாசம் நிக்கும். மாரியில இன்னும் மோசம், தூள் ஈரத்தை இழுத்துக் கட்டி பட்டுப்போகும். செக் பண்ணுறது லேசு, தூளுக்கு மேல கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தினா புதுத் தூள் நுரைச்சுப் பொங்கி எழும்பும், பழசு சேறு மாதிரிப் பேசாமல் கிடக்கும்.

செத்தவீட்டுக் கோப்பி மட்டும் ஏன் எப்பவும் நல்லா இருக்கு எண்டு ஒரு அக்கா கேட்டவா, சாவு வீட்டில குடிச்சிட்டு வந்து இதைக் கேக்கிறது சரியோ தெரியாது எண்டு சொல்லிக்கொண்டே கேட்டவா. எனக்குத் தெரிஞ்ச மட்டில ரண்டு காரணம்தான். தூளை அண்டைக்குத்தான் வாங்குவினம், அதோட பெரிய பானையில போடுறது அரை மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிடும், நிண்டு காயிறதில்லை. வீட்டில நாங்கள் ஒரு கிலோத் தூளை வாங்கி மூண்டு மாசம் வைச்சிருக்கிறம். 100 கிராம் 100 கிராமா வாங்குங்கோ, காசு மிச்சமில்லைத்தான், ஆனா கொட்டுறதை விடப் பரவாயில்லை.

தூளும் புதுசு, அளவும் சரி, பிறகும் சப்பெண்டா தண்ணி. கீழ வாங்கோ.

உவர்க்குது, இல்லாட்டி மேல படை மாதிரி ஒண்டு மிதக்குது

வன்னியில கோப்பி பிழைக்கிறதுக்கு இதுதான் பெரிய காரணம், அதால இதில கொஞ்சம் நிண்டு சொல்லுறன்.

கேத்தலுக்குள்ள கைவிட்டுப் பாருங்கோ. சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா, நகத்தால சுரண்டினா பொருக்குப் பொருக்கா வருதெண்டால் கல்சியம் கூடின தண்ணி. இன்னொரு செக், வெறுந்தேத்தண்ணி ஒண்டை ஊத்தி ஆறவிடுங்கோ, மேல மெல்லிசா ஆடை மாதிரிப் படிஞ்சு கரண்டியால தொட்டா கண்ணாடி மாதிரி உடைஞ்சா அதேதான். இந்தத் தண்ணி கோப்பியில இருக்கிற நல்ல புளிப்பைச் சாப்பிட்டுப்போடும், மிச்சம் கைப்பும் சப்பும்தான்.

செலவில்லாத வழி: தண்ணியை முதல்நாள் இரவு நல்லாக் கொதிக்க வைச்சு மூடி ஆறவிட்டு, விடிய மேல்தண்ணியை மட்டும் அலுங்காமல் வேற பாத்திரத்துக்கு ஊத்தி எடுங்கோ. கல்சியத்தில ஒரு பங்கு அடியில நிண்டிடும். முழுக்கப் போகாது, ஆனா வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

அடுத்தது மழைத்தண்ணித் தாங்கி இருக்கிற வீடெண்டால் அந்தத் தண்ணி. முதல் மழையை விட்டிட்டுப் பிடிச்சது, கொதிக்க வைச்சது எண்டால் கோப்பிக்கு நல்லாப் பொருந்தும்.

அதுக்கும் அடுத்தது ஆர்ஓ தண்ணி (மெசினில சவ்வால அமத்தி வடிச்ச தண்ணி), இப்ப எல்லா இடமும் கானில விக்கினம். ஆனா ஆர்ஓ தண்ணியில உப்பு எல்லாத்தையும் எடுத்திடுவினம், அதில போட்ட கோப்பி சில நேரம் வெறுமையா, கூரான புளிப்பா வரும். மூண்டு பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு கொதிக்க வைச்சு இறுத்த கிணத்துத் தண்ணி, இதுதான் எங்கட வீட்டில ஓடுற கணக்கு. கிணத்துத் தண்ணி சோதிச்சு நல்லது எண்டு தெரிஞ்சா மட்டும் இப்பிடிக் கலவுங்கோ.

உவர்ப்பு எண்டால் கதை வேற. கொதிக்க வைச்சா உப்பு போகாது, கூடத்தான் செய்யும், ஏனெண்டா தண்ணிதான் வத்தும். சோளகம் (தென்மேற்குக் காத்து) வீசிற காலத்தில கிணறு கீழ இறங்க உவர்ப்பு ஏறும், முல்லைத்தீவுக் கரைப்பக்கம் இன்னும் கூட. அந்த மாசங்களில கோப்பிக்கு மட்டும் எண்டாலும் வேற தண்ணி எடுக்கத்தான் வேணும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கல்சியம், உவர்ப்பு எல்லாம் வாய்க்குத் தெரியும், புளோரைட் (நிலத்தில இருந்து தண்ணியில கரையிற ஒரு உப்பு) தெரியாது. நிறமுமில்லை ருசியுமில்லை, கொதிக்க வைச்சாலும் போகாது. பிள்ளையளின்ர பல்லில மண்ணிறக் கறை விழுகுதெண்டால், அல்லது உங்கட அயலில கிட்னி வருத்தக்காரர் கூடவெண்டால் கோப்பி ருசியை விட்டிட்டு முதல் தண்ணியைச் சோதியுங்கோ. ஏரியா பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளுங்கோ, இல்லாட்டி நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில தண்ணி குடுத்துக் காசு கட்டிச் சோதிக்கலாம்.

கைப்புத் தாங்கேலாது

கேத்தலுக்குள்ளேயே தூளைப் போட்டு விறகடுப்பில கொதிக்க விடுறனீங்களோ? அப்ப வேற காரணம் தேட வேண்டாம். தூள் கொதிக்கக் கொதிக்கக் கைப்புத்தான் இறங்கும். இறக்கி வைச்சிட்டுத் தூளைப் போடுங்கோ.

அப்பிடிச் செய்யிறதில்லை எண்டால் எவ்வளவு நேரம் ஊறுது எண்டு பாருங்கோ. கண்ணாடி பிரெஸ்ஸை அமத்திப்போட்டு மேசையில வைச்சு அரை மணித்தியாலம் கதைச்சுக்கொண்டு இருந்தா அடியில தூள் ஊறிக்கொண்டுதான் இருக்கும். 4 நிமிசத்தில அமத்தி முழுக்க ஊத்தி எடுத்திடுங்கோ. பிரெஸ்ஸுக்கு எங்கட கடைத்தூள் ஒத்தும் வராது, அது மா மாதிரி அரைச்சது, ரவை மாதிரிக் கரடா வேணும்.

இதெல்லாம் சரியெண்டால் கொட்டை கருகியிருக்கு. கடைத்தூளில உங்களால ஒண்டும் செய்யேலாது, கடையை மாத்துங்கோ. கோப்பிக் கொட்டையில ரொபஸ்டா, அராபிக்கா எண்டு ரண்டு முக்கிய இனம், எங்கட பக்கம் வாற தூளில அதிகம் ரொபஸ்டாதான், அது இயல்பிலேயே கைப்புக் கூட, கபீனும் அராபிக்காவை விட ரண்டு மடங்குக்குக் கிட்ட. முழுக்கக் கைப்பில்லாமல் வராது. ஒரு கிள்ளு உப்பு, உண்மையா ரண்டு விரலால கிள்ளுறது மட்டும், போட்டா கைப்பு அமரும். உவர்த்தண்ணிக்காரர் இதைச் செய்யாதேங்கோ.

வீட்டில வறுக்கிற ஆக்களுக்கு: அம்மா தாச்சியில வறுக்கேக்க பக்கத்தில இருந்து பாத்துப் பழகினது இது. கொட்டை முதல் மஞ்சளாகி, புல்லு மணம் போய், பாண் மணம் வரும். பிறகு சோளம் பொரியிற மாதிரிப் படபட எண்டு வெடிக்கத் தொடங்கும். அந்த வெடி ஓய்ஞ்சு ஒண்டு ரண்டு நிமிசத்தில இறக்கினா நடுத்தரம். இன்னும் விட்டா மெல்லிசா சடசட எண்டு ரண்டாவது வெடி வரும், கொட்டையில எண்ணெய் மினுங்கும், அதுக்கு அங்கால புகைதான். இறக்கினாலும் தாச்சிச் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டு இருக்கும், அதால உடன சுளகில கொட்டிப் புடைச்சு ஆத்தவேணும். அம்மா தாச்சியை இறக்கிப்போட்டு கோழியைக் கலைக்கப் போனா ஒரு நாள், அந்த மாசம் முழுக்கக் கரிக்கோப்பிதான் குடிச்சனாங்கள். ஒரு கொட்டையைக் கடிச்சுப் பாருங்கோ, வெளி கறுப்பு உள் வெளிறல் எண்டால் நெருப்புக் கூட.

புளிக்குது

எப்ப புளிக்குது? போட்டோடன குடிச்சாலுமோ, இல்லாட்டி விடியப் போட்டுச் சுடுதண்ணிப் போத்தலில வைச்சதைப் பத்து மணிக்குக் குடிக்கேக்கையோ?

போத்தலில வைச்சதெண்டால் அது அப்பிடித்தான் வரும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல கோப்பி நிண்டா மணம் கெட்டுப் புளிக்கும். அதோட மூடியைக் கழட்டி அந்த ரப்பர் வாஷரை மணந்து பாருங்கோ. பழைய பால்கோப்பி அதுக்குள்ளதான் இருக்கும். அப்பச்சோடாவும் சுடுதண்ணியும் விட்டு ஒரு இரவு ஊறவிட்டா போயிடும், போகாட்டி வாஷரை மாத்துங்கோ.

போட்டோடன புளிச்சா தண்ணிச் சூடு காணாது. சுடுதண்ணிப் போத்தலில இருந்த தண்ணியை ஊத்தினா இப்பிடி வரும், புதுசாக் கொதிச்சது வேணும். அல்லது தூள் கரடு, அல்லது ரண்டு நிமிசத்திலேயே வடிச்சுப்போட்டியள். சித்தப்பா வெளிநாட்டில இருந்து கொண்டந்த பக்கற்றில கொட்டை பழுப்பு நிறத்தில இருந்தா அது குறைய வறுத்த கொட்டை, அந்த ஆக்கள் அந்தப் புளிப்பை விரும்பித்தான் குடிக்கினம். கெட்டுப்போகேல்லை. பிடிக்காட்டி இன்னும் மையா அரைச்சு, கொதிதண்ணியிலேயே போடுங்கோ, குறையும்.

மிளகாய் மணம், சவர்க்கார மணம், வேற ஏதோ மணம்

கோப்பி குடிக்கத் தொண்டைக்குள்ள கமறுதெண்டால் தூள் அரைச்ச மில்லை நினைச்சுப் பாருங்கோ. உங்களுக்கு முன்னால நிண்ட ஆள் மூண்டு கிலோச் செத்தல் மிளகாய் அரைச்சிருப்பா. மில்லில சண்டை பிடிக்கிறதில பிரியோசனமில்லை. மா இடிக்கிற மெசினில அரிசிக்குப் பிறகு போட்டுத் தரச் சொல்லுங்கோ, அல்லது விடிய முதல் ஆளாப் போங்கோ, ஒரு சுண்டு பச்சையரிசி கொண்டுபோய் முதல் அதை ஓடவிட்டிட்டு உங்கட கொட்டையைப் போடச் சொன்னா மில்காரர் ஒண்டும் சொல்லமாட்டினம். முதல் வாற கைப்பிடித் தூளை எடுக்காதேங்கோ. வீட்டு உரலெண்டாலும் இதே கதை, மிளகாய் இடிச்ச உரல் கோப்பிக்கு ஆகாது.

மில்லில பிழையில்லாட்டி வைக்கிற இடம். கோப்பித்தூள் பக்கத்தில இருக்கிற எல்லா மணத்தையும் இழுக்கும். ஒரு வீட்டில கருவாட்டு ரின்னும் கோப்பி ரின்னும் ஒரே தட்டில, ரண்டுக்கும் மூடி சரியில்லை, நான் அந்தக் கோப்பியை மரியாதைக்குக் குடிச்சு முடிச்சனான்.

மல்லி, வேர்க்கொம்பு, மிளகு போட்டு அரைக்கிற வீடுகள், அதில பிழை கண்டுபிடிக்கிறது கஸ்ரம், ஏனெண்டா மல்லி மணம் எல்லாத்தையும் மூடிப்போடும். சோதிக்கிறதெண்டால் ஒருக்கா வெறும் கொட்டையை மட்டும் அரைச்சுச் சோதியுங்கோ.

அடியில மண்டி, வாயில தூள் கடிபடுது

வடிச்சுப்போட்டு மூண்டு நிமிசம் அசைக்காமல் விடுங்கோ. அவசரமெண்டால் ஒரு கரண்டி பச்சைத்தண்ணியை மேல தெளியுங்கோ, மண்டி கீழ போகும். போகாட்டி ரீ வடியை விட்டிட்டுத் துணி வடி எடுங்கோ. துணியைச் சவர்க்காரம் போட்டுத் தோய்க்காதேங்கோ, கோப்பியில சவர்க்கார மணம் வாறது அதாலதான், சுடுதண்ணியில அலசி வெயிலில போட்டாக் காணும்.

பில்டரால சொட்டுதில்லை

இந்தியாவில முகாமில இருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டந்த ரண்டு தட்டு எவசில்வர் பில்டர், மன்னார், வவுனியாப் பக்கம் கன வீட்டில இருக்கு. அங்கத்தைத் தூள் இதுக்கெண்டே அரைச்சது, சிக்கரியும் (வறுத்து அரைச்ச ஒரு கிழங்கு வேர்) கலந்தது, எங்கட மா மாதிரித் தூளைப் போட்டா அடைக்கும்.

முதல் மூடியைக் கொஞ்சம் திறந்து பக்கத்தில கரண்டியால ரண்டு தட்டுத் தட்டுங்கோ, காத்து அடைச்சிருந்தா இறங்கத் தொடங்கும். இல்லையெண்டால் தூளை அமத்திப்போட்டியள், அடுத்த முறை பரவி மட்டும் விடுங்கோ. அதுவும் இல்லையெண்டால் மேல்தட்டைக் கழுவி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ. ஓட்டையள் எல்லாம் வானத்து வெள்ளி மாதிரித் தெரியவேணும். அடைச்சிருந்தா காஸ் நெருப்பில அடியைக் காட்டிச் சூடாக்கிக் கரியை எரிச்சிட்டு ஊசியால குத்துங்கோ, ஓட்டையைப் பெரிசாக்காமல். நல்ல டிகாஷன் (கெட்டிக் கோப்பிச் சாறு) இறங்க 15, 20 நிமிசம் எடுக்கும், அதை அடைப்பெண்டு நினைச்சுக் கொண்டு வந்த ஆக்களும் இருக்கினம்.

மோக்கா பொட்: மேல வருதில்லை, இல்லாட்டிப் பக்கத்தால கசியுது

போன வருசம் ஒரு அன்ரி கொண்டந்தா, மகள் சுவிஸில இருந்து அனுப்பின புதுப் பொட், "ஒரு துளியும் வருதில்லைத் தம்பி, கீழ மட்டும் சீறுது." திறந்தா அந்தச் சல்லடைக் கிண்ணத்துக்குள்ள தூள் கல்லு மாதிரி. கரண்டியால அமத்தி அமத்தி நிரப்பியிருக்கிறா. "அன்ரி, புட்டுக் குழலுக்குள்ள மாவை இப்பிடி இறுக்குவியளோ?" எண்டன். "ஆவி வராதே" எண்டா. சொல்லிப்போட்டுத் தானே சிரிச்சா. நான் காசு வாங்கேல்லை.

அதேதான். புட்டுமா மாதிரி உதிர்வா நிரப்பி விரலால மட்டம் தட்டுங்கோ, அமத்தாதேங்கோ. தண்ணி கீழ்ப்பாத்திரத்தில அந்தச் சின்ன வால்வுக்குக் கீழ நிக்கவேணும். சின்ன நெருப்பு. களகளவெண்டு சத்தம் வந்தோடன இறக்குங்கோ, அதுக்குப் பிறகு வாறது எல்லாம் கைப்பு.

பக்கத்தால கசிஞ்சா விளிம்பில ஒட்டியிருக்கிற தூளைத் துடைச்சிட்டு இறுக்கிப் பாருங்கோ. திரும்பவும் கசிஞ்சா ரப்பர் வாஷர் காய்ஞ்சிட்டுது, நகத்தால அமத்தினா பள்ளம் விழுந்து திரும்பி வரவேணும், வராட்டி மாத்துங்கோ. சைசை அளந்து கேளுங்கோ, 3 கப், 6 கப் எல்லாத்துக்கும் வேற வேற.

இதில விளையாடக்கூடாதது வால்வு. கல்சியம் பிடிச்சு வால்வு அடைச்சு, மேலயும் தூள் அடைச்சா ஆவிக்கு வெளிய போக வழியில்லை. வால்வில வெள்ளை படிஞ்சிருந்தா வினாகிரியில ஊறவிட்டு, நடுவில இருக்கிற ஊசி அசையுதோ பாருங்கோ. அசையாட்டி அந்தப் பொட்டை அடுப்பில வைக்காதேங்கோ. ஆணி வைச்சு அடைச்சுக் கொண்டந்த ஆளும் ஒருத்தர் இருக்கிறார், அவரை நான் பேசி அனுப்பினனான்.

பால் திரையுது, பால்மா கட்டி படுது

பாலைத் தனியக் காய்ச்சிப் பாருங்கோ. தனியவே திரைஞ்சா பால் பழசு, கோப்பியைக் குறை சொல்லாதேங்கோ. தனிய நல்லா இருந்து கோப்பியில திரைஞ்சா கோப்பி புளிப்புக் கூட, பாலைச் சூடாக்கி அதுக்குள்ள கோப்பியை மெல்ல மெல்ல ஊத்துங்கோ. பால்மாவை இளஞ்சூட்டுத் தண்ணி ரண்டு கரண்டியில களி மாதிரிக் கரைச்சிட்டுப் பிறகு கோப்பி விடவேணும், அவ்வளவுதான்.

எலெக்ட்ரிக் கேத்தல் கொதிக்க முதலே நிக்குது

என்ர தொழிலுக்கு வந்திட்டன். உள்ளுக்குக் கல்சியம் தடிப்பாப் படிஞ்சா அடி அளவுக்கு மிஞ்சிச் சூடாகி, தண்ணி கொதிக்க முதலே சுவிச் தட்டி விழும். தண்ணி 80 பாகையில நிண்டா கோப்பி புளிக்கும், ஆக்கள் தூளைப் பேசுவினம்.

அரைவாசி தண்ணி, அரைவாசி வினாகிரி, இல்லாட்டி நாலைஞ்சு தேசிக்காய்ச் சாறு. கொதிக்க வைச்சு அரை மணித்தியாலம் விட்டு ஊத்துங்கோ. பிறகு ரண்டு தரம் வெறுந்தண்ணி கொதிக்க வைச்சு ஊத்துங்கோ, இல்லாட்டி அடுத்த கோப்பி தேசிக்காய்க் கோப்பி. கத்தியால சுரண்டாதேங்கோ. மாசம் ஒருக்கா எங்கட தண்ணிக்குக் காணும்.

கழுவியும் நிக்குதெண்டால் சுவிச் பழுது, திருத்திற ஆளிட்டக் குடுங்கோ, புதுக் கேத்தல் விலைக்குக் கிட்ட வந்தா திருத்தவேண்டாம் எண்டு நானே சொல்லுவன். தொட்டா கறன்ட் இழுக்குதெண்டால், அடித்தட்டில இருக்கிற பித்தளை கறுத்திருந்தால், பிளக்கில எரிஞ்ச மணம் வந்தால், ட்ரிப் சுவிச் விழுந்தால், ஒருக்காப் போட்டுப் பாப்பம் எண்டு திரும்பப் போடாதேங்கோ. மெயினை நிப்பாட்டிப்போட்டுக் கழட்டுங்கோ. சோக்கெற்றும் சூடாகியிருந்தா கேத்தல் மட்டுமில்லை வயரிங்கும் பாக்கவேணும், அதுக்கு வயரிங் படிச்ச ஆளைக் கூப்பிடுங்கோ, அவர் வாறவரைக்கும் விறகடுப்பில தண்ணி கொதிக்க வையுங்கோ.